கட்டுபவர் ஒருவர், குடியிருப்பவர் வேறொருவர்

வெள்ளவத்தையில் எங்கள் உறவினர் வீடொன்றில் மேல்மாடி எழுப்பிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கை. ஆறு பேர்ச் காணி. கீழ்வீட்டில் உம்மாவும் இளைய மகளும் இருந்தார்கள். மூத்த மகனுக்கு ரியாதில் தொழில். அவர்தான் பணம் அனுப்பினார். "மூனு மாசத்தில முடிச்சித் தாறன் உம்மா, இன்ஷா அல்லாஹ்" என்றார் பாஸ். வேலை முடிந்தது பதினான்காவது மாதத்தில். அதற்குள், கட்டிய படிக்கட்டை ஒருமுறை உடைத்து மறுபக்கத்தில் திரும்பக் கட்டினார்கள். ஒரு பெருநாளைக்கு அண்ணன் வீட்டார் தங்கை வீட்டுப் படி ஏறவில்லை.

பிழை பாஸுடையது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். பிறகு ஆறுதலாக இருந்து யோசித்தபோது வேறொரு படம் தெரிந்தது. மகன் மனத்தில் இருந்தது வாடகைக்கு விடத்தக்க ஒரு தனி வீடு. அதற்குப் படி வெளியே இருக்க வேண்டும். தங்கையோ மேல்மாடி தன் கலியாணத்துக்காகத்தான் எழும்புகிறது என்று நினைத்திருந்தாள். அவளுக்குப் படி உள்ளே இருக்க வேண்டும். மருமகளுக்குத் தனிக் குசினி ஒன்று கிடைத்தால் மற்றதெல்லாம் எப்படிப் போனாலும் சரி. உம்மாவுக்கு முழங்கால் நோவு. அவர் மேலே ஏறப் போவதே இல்லை. தான் தொழும் மூலைக்கு வரும் காலை வெளிச்சம் மறையாமலிருந்தால் அவருக்குப் போதும். பாஸும் தன் மனத்திலிருந்ததைச் சொல்லவில்லை. அதே மாதத்தில் தெஹிவளையில் அவர் இன்னும் இரண்டு வேலை ஏற்றிருந்தார்.

ஒரே மேல்மாடிதான். ஐந்து பேர் மனத்தில் ஐந்து மேல்மாடிகள் இருந்தன. ஐவரும் ஒரு நாள் ஒன்றாக இருந்து பேசவேயில்லை. பேசினால் சண்டை வரும் என்று பயந்தார்கள். கடைசியில் அந்தச் சண்டை, சீமெந்துக்கும் கம்பிக்கும் பணம் கொடுத்து முடிந்த பிறகு வந்தது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நம்மவர் வாயில் இன்ஷா அல்லாஹ் என்ற புனிதமான சொல் படும் பாடு கொஞ்சமல்ல. நிச்சயம் செய்வேன் என்பதற்கும் அதுதான். பார்க்கலாம் என்பதற்கும் அதுதான். இப்போது என்னைத் தொந்தரவு செய்யாதே என்பதற்கும் அதுதான். சொல்பவர் ஒன்றை நினைக்கிறார், கேட்பவர் இன்னொன்றை எடுத்துக்கொள்கிறார். நாளையும் திகதியையும் சொல்லிவிட்டு அதன்பின் இன்ஷா அல்லாஹ் சொல்வதற்கும், திகதி சொல்லாமல் தப்புவதற்காகச் சொல்வதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

ஒரு வீட்டில் ஐந்து பேருக்கே இந்தப் பாடென்றால், ஐந்நூறு குடும்பங்கள், ஐயாயிரம் குடும்பங்கள் என்று வரும்போது என்ன நடக்கும்? தேடிப் பார்க்கத் தூரம் போக வேண்டியதில்லை. கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், வனாத்தமுல்லை, கொம்பனித்தெரு என்று நம் கண்முன்னேயே இந்தக் கதை நாற்பது வருடங்களாக நடந்துகொண்டிருக்கிறது.

இரண்டு பேர்ச் நிலமும் ஒரு கயிறும்

கொழும்புத் துறைமுகம் வளர்ந்த காலத்தில், அங்கே வேலைக்கு வந்தவர்களுக்காக வடகொழும்பில் வரிசை வரிசையாகச் சிறு அறைகள் எழும்பின. முடுக்கு என்றும் தோட்டம் என்றும் நாம் சொல்வது அவற்றைத்தான். ஒரு பொதுக் குழாய், நாலைந்து மலசலகூடம், முதுகோடு முதுகு ஒட்டிய அறைகள். 1973ஆம் ஆண்டு வந்த வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் அளவுக்கு மிஞ்சிய வீடுகளை உரிமையாளரிடமிருந்து எடுத்தது. அதனால் பல வாடகைக் குடும்பங்களுக்கு இருந்த அறையே சொந்தமாகும் வழி பிறந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சேரியாகத் தெரியும் பல தோட்டங்களில், உள்ளே உறுதி உண்டு, தண்ணீர் பில் உண்டு, மாநகர சபைக்கு வரி கட்டிய பற்றுச்சீட்டு உண்டு. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் மனக்கசப்புக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது.

வாழைத்தோட்டத்தில் பிறந்த ரணசிங்க பிரேமதாச, 1978இல் பிரதமரானார். வீடமைப்பு அமைச்சும் அவர் கையில் இருந்தது. 1979இல் தேசிய வீடமைப்பு அதிகார சபை உருவாயிற்று. முதலில் ஒரு இலட்சம் வீட்டுத் திட்டம். அரசாங்கமே கட்டிக் கொடுத்தபோது செலவு ஏறிற்று. மக்கள் தாமே கட்டிய இடங்களில் செலவு குறைந்தது, வீடும் அவரவர் விருப்பப்படி அமைந்தது. ஆகவே 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் தலைகீழாகத் திருப்பப்பட்டது. அரசாங்கம் கட்டாது, நிலத்துக்கு வழி செய்யும், சிறு கடன் கொடுக்கும், ஆலோசனை சொல்லும். கட்டுவது குடும்பத்தின் பொறுப்பு.

இதில் எனக்குப் பிடித்த பகுதி அந்தக் கூட்டங்கள்தான். நகர்ப்புறத் தோட்டங்களில் சமூக அபிவிருத்திச் சபைகள் இருந்தன. அதிகார சபை உத்தியோகத்தர்கள் அங்கே வந்து, ஓரிரு நாட்கள் மக்களோடு ஒன்றாக இருந்து பேசுவார்கள். எது பிரச்சினை, எது முதலில், எது பிறகு, யார் எதைச் செய்வது என்று அங்கேயே எழுதுவார்கள். ஆண்கள் தெருவையும் காணியையும் சொல்லும்போது பெண்கள் தண்ணீரையும் மலசலகூடத்தையும் சொல்வார்கள். இரண்டும் ஒரே பலகையில் எழுதப்பட்டால்தானே இரண்டும் வேறு வேறு என்பது தெரியும்! அதன்பின் கயிறும் முளையும் எடுத்துக்கொண்டு நிலத்துக்குப் போவார்கள். பாதை இவ்வளவு அகலம், இந்த வீட்டின் ஒரு மூலை இடிபடும், அந்தக் குடும்பம் நாலடி தள்ளிப் போகும் என்பதையெல்லாம் அயலவர் பார்த்திருக்க, அவர்கள் முன்னிலையிலேயே அளந்தார்கள். நகரத்தில் வீடு கட்ட ஆறு பேர்ச் வேண்டும் என்ற சட்டம் இந்த இடங்களுக்குத் தளர்த்தப்பட்டு, இரண்டு பேர்ச் போதும் என்றாயிற்று. ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கலாம், கூரை எவ்வளவு வெளியே நீட்டலாம் என்ற கட்டட விதிகளைக்கூட அந்தந்தத் தோட்டத்தாரே இருந்து வகுத்தார்கள். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியைச் சேர்ந்த நபீல் ஹம்தியும் ரைன்ஹார்ட் கோதர்ட்டும் இங்கே வந்து இந்த முறையில் வேலை செய்து, 1988இல் அதை ஒரு நூலாகவும் எழுதினார்கள். வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டாக 1987ஐ ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடியதும் பிரேமதாச 1980இல் அங்கே வைத்த யோசனையால்தான்.

கிணறு, வடிகால், நடைபாதை போன்ற சிறு வேலைகளை வெளிக் கொந்தராத்துக்காரருக்குக் கொடாமல் தோட்டத்துச் சபைக்கே கொந்தராத்தாகக் கொடுத்தார்கள். வடிகால் சரியாக ஓடாவிட்டால் யாரைத் திட்டுவது? அடுத்த வீட்டு நானாவைத்தான். ஆகவே அது பெரும்பாலும் சரியாக ஓடிற்று.

எல்லாம் தேனும் பாலுமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். கடன் தொகை சிறியது. அதைக் கொண்டு சுவர் எழுப்பலாம், கூரை போட முடியாது. மீதிக்குப் பலர் வட்டிக்காரரிடம் போனார்கள். எடுத்த கடனைத் திரும்பக் கட்டியவர் குறைவு. அரசியல்வாதிகள் தேர்தல் காலத்தில் கடன் மன்னிக்கப்படும் என்ற எண்ணத்தை வளர்த்துவிட்டார்கள். கட்டியவர் மடையரானார், கட்டாதவர் சமர்த்தரானார். இதுவும் எதிர்பார்ப்பைக் கையாளத் தெரியாததன் விளைவுதான். 1993 மே தினத்தன்று கொழும்பு ஆமர் வீதியில் பிரேமதாச குண்டுக்குப் பலியானார். அவரது திட்டமும் பின்னர் வந்தவர்கள் கையில் மெல்ல மெல்லத் தேய்ந்துபோயிற்று.

ஆனால் அந்தக் கூட்டங்களில் பேசிப் பழகிய பெண்கள் சும்மா இருக்கவில்லை. வாரம் ஐந்து ரூபாய் சேர்த்து, சிறு சிறு குழுக்களாகத் தொடங்கிய மகளிர் வங்கி 1990களின் தொடக்கத்தில் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவாயிற்று. நாம் சீட்டுப் பிடிக்கிறோமே, அதே நம்பிக்கைதான். யார் எவ்வளவு போட்டார், யாருக்கு எப்போது கிடைக்கும் என்பதில் ஒளிவு மறைவு கிடையாது. சீட்டில் சண்டை வருவது அபூர்வம். ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா?

ஆகாயத்தில் ஒரு வீடு

2001ஆம் ஆண்டளவில் எடுத்த ஒரு கணக்கின்படி கொழும்பு மாநகரில் 1,614 குறைந்த வருமானக் குடியிருப்புகளில் 77,612 குடும்பங்கள் இருந்தன. நகரத்துச் சனத்தில் ஏறத்தாழப் பாதி. நிலத்தின் விலையோ ஏறிக்கொண்டே போயிற்று. ஆகவே 1998 முதல் வேறொரு யோசனை பிறந்தது. மக்களை மாடியில் ஏற்றிவிட்டால் கீழே நிலம் மிஞ்சும். அதை முதலீட்டாளருக்கு விற்று அந்தப் பணத்திலேயே மாடியைக் கட்டலாம். அப்படி எழும்பியதுதான் பொரளையில் 2001இல் முடிந்த சஹஸ்புர. 671 வீடுகள். பத்துக்கும் மேற்பட்ட மாடிகள்.

கணக்குப் பார்த்தவர்களுக்கு இது அழகான கணக்கு. கணக்கில் வராதவை பிறகு வந்தன. லிப்டுக்கு யார் பணம் கட்டுவது? பொது விளக்குக்கு? தண்ணீர்ப் பம்புக்கு? தோட்டத்தில் இருந்த காலத்தில் வாசலைக் கூட்டுவது பெண்களின் வேலை, விளக்கு மாநகர சபையின் வேலை. மாடியில் வாசல் எது, மாநகர சபை எது? பொதுச் செலவென்று ஒன்று மாதாமாதம் வரும் என்பதை வீடு மாறுமுன் அமர்ந்து விளக்கியிருக்க வேண்டும். விளக்கினார்கள் என்று அதிகாரிகள் சொல்வார்கள். கேட்கவில்லை என்று குடியிருப்பவர் சொல்வார்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். சாவி வாங்கும் சந்தோஷத்தில் இருப்பவரிடம் பில்லைப் பற்றிச் சொன்னால் அது காதில் ஏறாது.

2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. நகர மீளுருவாக்கத் திட்டம் வேகம் பிடித்தது. தெமட்டகொடையில் மிஹிந்துசென்புர, வனாத்தமுல்லையில் மெத்சர உயன, சிறிசர உயன என்று மாடிகள் வரிசையாக எழும்பின. நமது வெள்ளவத்தை மயூரா பிளேஸிலும் ஒன்று உண்டு. வேகம் இருந்தது, அதை மறுக்க முடியாது. மழைக்கு முழங்கால் தண்ணீரில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நின்றவர்களில் பலர், இப்போது நனையாமல் படுக்கிறோம் என்று சொல்கிறார்கள். தனிக் குளியலறை என்பது ஒரு பெண்ணுக்கு என்ன பெறுமதி என்பதைப் பொதுக் குழாயில் குளித்தவளிடம் கேளுங்கள்.

ஆனால் அந்த வருடம் மே மாதத்தில் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்ட விதத்தை அப்பகுதியார் மறக்கவில்லை. படையினரும் பொலிஸாரும் நிற்க, புல்டோசர் வந்தது. வருடக்கணக்கில் நீதிமன்றமும் வாடகை வீடுமாக அலைந்தார்கள் அந்தக் குடும்பங்கள். பின்னர் கொம்பனித்தெருவின் வேறு ஒழுங்கைகளிலும் பெரிய கட்டடங்களுக்காகக் காணி எடுக்கப்பட்டது. வாடகைப் பணம் தருவோம், இத்தனை வருடத்தில் அதே இடத்தில் மாடி வீடு தருவோம் என்று சொல்லப்பட்டது. சொன்ன காலம் போய், அதற்கு மேலும் வருடங்கள் போயின. வாக்குக் கொடுத்த நாளில் பிள்ளைக்கு வயது பத்தென்றால் சாவி வந்த நாளில் பிள்ளை பரீட்சை முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தது.

மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014இலும் 2017இலும் இந்த மக்களிடம் போய்க் கேட்டு எழுதிய அறிக்கைகளை வாசித்தால், பெரும்பாலான மனக்குறை மாடியைப் பற்றியதல்ல என்பது விளங்கும். யாரும் தங்களைக் கேட்கவில்லை என்பதுதான் குறை. உறுதியுள்ள இரண்டு மாடிக் கல்வீட்டுக்காரருக்கும் பலகைக் குடிசைக்காரருக்கும் ஒரே அளவுப் பிளட்; நானூறு, ஐந்நூறு சதுர அடி. கீழே உம்மா வாப்பா, மேலே மூத்த மகன், பின்னால் மகளும் மருமகனும் என்று மூன்று அடுப்பு எரிந்த வீட்டுக்கும் பெரும்பாலும் ஒரு பிளட்தான். இலவசம் என்று நினைத்துப் போனவர்களிடம், பல வருடத் தவணையில் சுமார் பத்து இலட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றார்கள். இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு வந்தவர், வந்த வீட்டுக்கும் பணம் கட்டுவதா என்று கேட்டார். தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்தவர்களிடம் சிங்களத்தில் எழுதிய கடதாசியைக் கொடுத்துக் கையொப்பம் வாங்கியதாகவும் முறைப்பாடுகள் வந்தன.

பெண்களின் தொழிலைப் பற்றி யாரும் நினைக்கவேயில்லை. விடிய நாலு மணிக்கு விறகடுப்பில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்தவர், ஏழாம் மாடியில் விறகை எங்கே வைப்பார்? புகையை எங்கே விடுவார்? வாசலில் மேசை போட்டு ரோல்ஸும் சம்சாவும் விற்றவருக்கு, ஒன்பதாம் மாடி நடையில் யார் வாங்க வருவார்? திட்டக்காரரின் கடதாசியில் அது குடியிருப்பு. அந்தப் பெண்ணுக்கு அது வீடும் தொழிற்சாலையும் கடையும். கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். இன்னும் எத்தனையோ உண்டு. வீட்டில் ஒரு மௌத் என்றால் சந்தூக்கு லிப்டுக்குள் போகுமா, கலியாணத்துக்குக் கதிரை போடும் இடம் எது, பிள்ளை விளையாடும்போது குசினி ஜன்னலால் எட்டிப் பார்க்க முடியுமா? படம் கீறும் மேசையில் இருப்பவருக்கு இவை தோன்றா. அவர் கெட்டவர் என்பதல்ல. அவர் அந்த வீட்டில் சமைக்கவில்லை.

2015இல் ஆட்சி மாறியபின் அதிகார சபை வேறு அமைச்சுக்குப் போயிற்று. 2019இல் ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கி 5,500 வீடுகளுக்கென 20 கோடி டொலர் கடனுக்கு அங்கீகாரம் அளித்தபோது, மக்களோடு பேச வேண்டும், முறைப்பாடு கேட்க ஓர் ஒழுங்கு வேண்டும் என்பதும் நிபந்தனைகளுடன் சேர்ந்து வந்தது. வேடிக்கை என்னவென்றால், கட்டாய இடமாற்றம் பற்றி மக்களோடு கலந்து பேச வேண்டும் என்ற கொள்கையை நமது அமைச்சரவையே 2001இல் ஏற்றுவிட்டது. அலுமாரியில் இருந்த நம் சொந்தக் கடதாசியை வெளிநாட்டு வங்கி வந்து நமக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது.

நுரைச்சோலையின் பூட்டுக்கள்

கொழும்பை விட்டுக் கொஞ்சம் கிழக்கே போவோம். 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபின், அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியில் 500 வீடுகள் கட்டப்பட்டன. பாடசாலை, ஆஸ்பத்திரி, பள்ளிவாசல், சந்தை எல்லாம் சேர்ந்த ஒரு முழு ஊர். பணம் தட்டுப்படவில்லை. கட்டடம் முடிந்தது. கொடுத்தவர் மனத்தில், வீடிழந்த முஸ்லிம் குடும்பங்களுக்கு என்ற நிய்யத்து. வீடிழந்தவர் மனத்தில், சாவி நாளையோ மறுநாளோ என்ற நம்பிக்கை. ஆனால் அந்த நிலம் தீகவாபி புனித பூமிக்கு அண்மையில் உள்ளது, ஓரினத்துக்கு மட்டும் கொடுக்கலாகாது என்று எதிர்த்தவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். நாட்டின் இன விகிதாசாரப்படி எல்லா இனத்தவருக்கும் பகிர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அந்தப் பகிர்வுக்குப் பயனாளிகளும் சம்மதிக்கவில்லை, கொடுத்தவரும் நினைத்திருக்கவில்லை. பத்து வருடத்துக்கு மேல் வீடுகள் பூட்டியே கிடந்தன. கூரையில் செடி முளைத்தது. சுனாமியில் தப்பிய கைப்பிள்ளைகள் குமரிகளானார்கள்.

வீடற்றவர் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் எண்ணம். அதைச் சொல்லத் தயங்கவில்லை. ஆயினும் ஒன்று உறுத்துகிறது. ஒரு திட்டத்தில் பணம் கொடுப்பவரும் வீடு பெறுபவரும் மட்டுமா சம்பந்தப்பட்டவர்கள்? பக்கத்து ஊரார், எதிர்ப்பவர், தமக்குக் கிடைக்கவில்லையே என்று வெதும்பும் இன்னொரு ஏழை, இவர்களும் அதில் ஒரு நுனியைப் பிடித்திருக்கிறார்கள். அத்திவாரம் வெட்டுமுன் அவர்கள் முகம் பார்த்துப் பேசியிருந்தால் எல்லாம் சுமுகமாகியிருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். எதிர்ப்பு எங்கே, எவ்வளவு என்பதாவது 500 வீடு கட்டுமுன் தெரிந்திருக்கும்.

கஃபாவைப் புதுப்பித்த காலத்தில் ஹஜருல் அஸ்வதை யார் தூக்கி வைப்பது என்று குறைஷிக் கோத்திரங்கள் வாளெடுக்கும் நிலைக்கு வந்த சம்பவம் நீங்கள் பிள்ளைப் பருவத்திலேயே கேட்டது. அப்போது முப்பத்தைந்து வயதினரான நபி (ஸல்) அவர்கள் ஒரு துணியை விரித்துக் கல்லை அதில் வைத்து, கோத்திரத்துக்கு ஒருவராக நுனியைப் பிடிக்கச் செய்தார்கள். யாருக்கு என்ன வேண்டும் என்பது அங்கே முதலில் விளங்கப்பட்டது. அவர்களுக்கு வேண்டியிருந்தது கல்லல்ல, கண்ணியம்.

படலையில் உத்தியோகத்தர் வந்தால்

ஷெரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1969இல் ஓர் ஏணியை எழுதி வைத்தார். எட்டுப் படி. அடிப்படியில் மக்களுக்குப் பூச்சுப் பேச்சு. நடுவில் தகவல் சொல்லுதல், கருத்துக் கேட்டல். மேற்படிகளில்தான் முடிவெடுப்பதில் உண்மையான பங்கு. கருத்துக் கேட்டோம் என்று கூட்டம் வைத்து, தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொடுத்து, வரவுப் பதிவில் கையொப்பம் வாங்கி அனுப்பிவிடுவது நடுப்படியைக்கூடத் தாண்டாது. அந்தக் கையொப்பம் பிறகு சம்மதம் என்று காட்டப்படுவதும் உண்டு. ஆகவே எதில் கையொப்பமிடுகிறோம் என்று தலைப்பையாவது வாசியுங்கள்.

கணவர் வேலைக்குப் போன பகல் நேரத்தில்தான் அளக்கவும் பதியவும் வருகிறார்கள். வாசலில் நிற்பது நாம்தான். அப்போது கேட்க வேண்டியவற்றைக் கேட்க வெட்கப்படக் கூடாது. எந்தக் கந்தோர், எந்தத் திட்டம், காணி எடுக்கும் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் அறிவித்தல்? இரண்டாம் பிரிவு அறிவித்தல் என்றால் அது ஆரம்பம் மட்டுமே, பேச இடமுண்டு. 38ஆம் பிரிவின் அவசர உடைமையேற்பு என்றால் தாமதியாமல் சட்டத்தரணியிடம் போக வேண்டும். வீட்டில் எத்தனை குடும்பம், எத்தனை அடுப்பு, வீட்டிலிருந்து என்ன தொழில் என்பதைப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். இடமில்லை என்றால் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். கடதாசியைத் தமிழில் கேளுங்கள். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி; அது சலுகையல்ல.

வாயால் சொன்னதைக் கடதாசியில் எடுக்க இப்போது ஒரு வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. எந்த அரச அலுவலகத்திலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். என் பிளட் எந்த மாடியில், எத்தனை சதுர அடி, மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும், எப்போது உறுதி கிடைக்கும் என்று எழுதிக் கொடுத்தால், தகவல் தரலாமா இல்லையா என்பதைப் பதினான்கு வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். பதில் திருப்தியில்லையெனில் மேன்முறையீடு உண்டு.

தனியார் பிளட் வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. காலி வீதியின் இருபக்கமும் எழும்பும் கட்டடங்களில், வர்ணப் படத்தைப் பார்த்து முற்பணம் கட்டுவோர் நம்மில் அநேகர். படத்தில் மரம் இருக்கும், பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவார்கள். மாநகர சபையின் இணக்கச் சான்றிதழ் பற்றி அதில் ஒரு வரி இராது. வாகனம் நிறுத்துமிடம் விலைக்குள்ளா வெளியிலா, தாமதமானால் யார் நட்டம், மாதப் பராமரிப்பு எவ்வளவு என்பதை ஒப்பந்தத்தில் எழுதாமல் சாவியை எதிர்பார்க்க வேண்டாம். குடிபுகுந்தபின் பொதுப் பகுதிகளைப் பற்றிய தகராறுகளுக்குக் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபை இருக்கிறது. முன்னர் பொது வசதிகள் சபை என்றிருந்தது 2003இல் அப்படிப் பெயர் மாறிற்று.

அந்த வெள்ளவத்தை வீட்டுக்குத் திரும்புகிறேன். மேல்மாடியில் இப்போது யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்று வாடகைக்கு இருக்கிறது; நல்ல மனிதர்கள், நோன்புக்குக் கஞ்சி அனுப்பினால் பாத்திரம் வெறுமையாகத் திரும்பி வராது. வெளிப்படியின் நிழல் உம்மா தொழும் மூலையில் விழுகிறது. அவர் முஸல்லாவை ஜன்னலுக்கு அருகே நகர்த்திக்கொண்டார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. இளைய மகளுக்குப் போன வருடம் கலியாணம் முடிந்தது. பின்பக்கம் இருக்கும் சிறு துண்டில் இரண்டு அறை போடலாமா என்று பேச்சு நடக்கிறது. இந்த முறை ரியாதிலிருந்து மகன் தொலைபேசியில் பாஸைக் கேட்கவில்லை. "உம்மா, முதல்ல நீங்க செல்லுங்க" என்றிருக்கிறார். உம்மா பேத்தியின் பழைய கொப்பி ஒன்றை எடுத்து வைத்திருக்கிறார். முதல் பக்கத்தில் ஒரே வரி. காலை வெளிச்சம் என்று எழுதிக் கீழே கோடு போட்டிருக்கிறார்.